ஏடு காத்த தாமோதரம்பிள்ளை

பழஞ்சுவடிகளை ஆடிப் பதினெட்டாம் நாளில் ஆற்றில் விடும் வழக்கம் ஒருகாலத்தில் தமிழகத்தில் இருந்தது. பழுதுற்ற ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படி எழுதி வைத்துக்கொண்டு, அதன் பின்னரே பழையதை நீரில் விடுதல் முன்னோர் முறையாயிருந்திருக்கும் என நாம் கருதுகின்றோம். காலப்போக்கிற் படி எழுதுவோர் அருகினர். ஆற்றில் விடுவோர் மட்டும் குறையவில்லை. மரபின் ஒரு பாதியை மறந்து மற்றப் பாதியைப் போற்றியதனால் எத்தனை நூல்கள் அழிந்தனவோ!

அவ்வழிவுக்கு அணையிட முனைந்தவர் நம் ஈழநாட்டவர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களே அவர். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழும், வட்டுக்கோட்டைச் செமினறியில் ஆங்கிலமும் பிறகலைகளும் கற்றார். பேர்சிவல் பாதிரியார் அழைக்கச் சென்னை சென்று 'தினவர்த்தமானி'ப் பத்திரிகையை நடத்தினார். சென்னைச் சர்வகலாசாலை 1857இல் முதன்முதலாக நடத்திய பி. ஏ. பரீட்சையில் தேறியவர் இருவர். அவ்விருவரும் யாழ்ப்பாணத்தவர், அவருள் ஒருவர் பிள்ளையவர்கள். கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்து, ஆங்கிலக் கல்வியின் உச்சியை எட்டிய ஒருவர் பழைய ஏடுகளைக் குப்பையெனத் தள்ளியிருந்தாலும் அக்காலத்தில் வியப்பார் இலர். அவரோ சைவத்துக்கு மீண்டார், ஏடுகளையும் தேடலானார்.

தேடியது உத்தியோகத்தினிடையே என்பதை இளைஞர்கள் கவனித்தல் வேண்டும். கும்பகோணத்தில் வழக்கறிஞர், புதுக்கோட்டையில் நீதிபதி எனப் பொறுப்புகள் பல இருந்தன. செல்லரித்துத் தொட்ட இடம் பொடிந்துபோகும் ஓலைகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடம் தெளிவது எளிய வேலையன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையோடு ஆறுமுகநாவலர் பரிசோதிக்க 1868இல் வெளிவந்தது. நாவலர் 1879இல் மறைந்தபின் பாரமெல்லாம் பிள்ளையவர்கள் தோளில் ஏறிற்று. 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் சூளாமணி என நூல்கள் வெளிவந்தன. எட்டுத்தொகையுள் முதன்முதலில் முழுமையாக அச்சேறியது அக்கலித்தொகையே.

இவற்றுள் வீரசோழியம் பௌத்தர் ஒருவர் இயற்றியது. சூளாமணி சமண காவியம். தாம் தேடிச் சேர்ந்த சைவத்தில் உறுதிகொண்டு, ஏழாலையில் சைவப் பாடசாலையும் நிறுவிய ஒருவர், பிற சமயத்தார் யாத்த நூல் என்று அவற்றை ஒதுக்கினாரல்லர். தமக்கு உவப்பானதை மட்டும் காப்போம் என்று அவர் எண்ணியிருப்பின் அந்நூல்களின் கதி யாதாயிருக்குமோ!

அவர் பதிப்புகளிற் பிழையே இல்லை என்று கூற நாம் துணியோம். பொருளதிகார உரை முழுவதையும் நச்சினார்க்கினியருடையதென்றே அவர் வெளியிட்டார். அதில் ஒரு பகுதி பேராசிரியர் உரையென்பதைப் பின்வந்த அறிஞர் நிறுவினர். பிள்ளையவர்கள் 1901ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் காலமானார். பின்வந்தோர் ஆராய்ந்து திருத்துவதற்கு அவர் அச்சிட்ட புத்தகம் கையில் இருந்தது.