டியூரிங்கும் சிறுத்தைப் புள்ளியும்

ஒகேனக்கல் காட்டுச் சிறுத்தையின் தோலில் புள்ளிகள் எவ்வாறு திரண்டன? இத்தகைய வினாவைக் கணிதத்தால் அணுகியவர் ஆலன் டியூரிங். 1912இல் இலண்டனில் பிறந்தார்; தந்தை சென்னை மாகாண ஆட்சிப் பணியாளர்; தாய் பிறந்ததோ நம் போத்தனூரில்! கணிப்பொறிக் கொள்கை வகுத்துப் புகழ்பெற்ற அவர், 1952இல் வகைக்கெழுச் சமன்பாடுகளின் வழியே உயிரியலுக்குள் புகுந்தார். நீரில் இட்ட மை பரவிச் சீராகிவிடும். வேற்றுமையை அழிப்பதே பரவலின் இயல்பென உலகம் எண்ணியிருந்தது. ஆயின், ஒன்றோடொன்று வினைபுரியும் இரு வேதிப்பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் பரவினால், அப்பரவலே சீர்மையைக் குலைத்துப் புள்ளிகளையும் வரிகளையும் தோற்றுவிக்கக்கூடும் என நிறுவினார். சிறுத்தைக்கு இதுவே காரணமென அறுதியிட இயலாது. 1954இல், 41ஆம் வயதில் மறைந்தார். அவர் கணித்த கோலம் ஒரு வேதிவினையில் கண்ணுக்குத் தெரிந்தது 1990இல், பிரான்சின் போர்தோ நகர ஆய்வகத்தில்.