சினிமா லெகோ செட்டுகளுக்கு மவுசு ஏன் நிலைப்பதில்லை? 90 வருஷத்துக்கு முன்பே அந்த அடியை வாங்கிய தச்சரின் கதை

போடி, கம்பம் பக்கம் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் வீட்டில் யாரைக் கேட்டாலும் 2019 ஆகஸ்ட் மாதத்தை மறந்திருக்க மாட்டார்கள். கம்பமெட்டு ஏறிப் போனால் வரும் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போன மாதம் அது. அடுத்த மூன்று வருஷத்துக்குள் அதே ஏலக்காய் ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இறங்கியது. உச்ச விலையை நம்பி சரக்கைப் பிடித்து வைத்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஏலக்காய் இருக்கும் இடத்தில் பொம்மையை வைத்துப் பாருங்கள். சினிமா தீம் லெகோ செட்டை வாங்கு, பெட்டியைப் பிரிக்காதே, சில வருஷம் கழித்து இரண்டு மடங்குக்கு விற்றுவிடலாம். ஐ.டி. வேலையில் இருக்கும் நண்பர்கள் வட்டத்தில் இந்த யோசனையைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் எல்லா செட்டும் அப்படி ஏறுவதில்லை. படம் ஓடவில்லை என்றால் கடையிலேயே பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். மறுவிற்பனையில் போட்ட காசுகூடத் திரும்பாத செட்டுகளும் உண்டு.

ஏன் இப்படி? பதில் லெகோ கம்பெனியைத் தொடங்கியவரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன்.

தீயில் போன பட்டறை

டென்மார்க்கின் யூட்லாந்து பகுதியில், ஃபில்ஸ்கோவ் என்ற கிராமத்தில், 1891 ஏப்ரல் 7-ல் பிறந்தவர் ஓலே. வசதியில்லாத பெரிய குடும்பம். அண்ணனிடம் தச்சு வேலை கற்றுக்கொண்டு ஜெர்மனி, நார்வே என்று வேலை தேடிப் போனார். 1916-ல் ஊர் திரும்பி, பக்கத்தில் இருந்த பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் மரப்பட்டறை ஒன்றை விலைக்கு வாங்கினார். அதே வருஷம் நார்வேயில் பழகிய கிர்ஸ்டினாவைத் திருமணம் செய்துகொண்டார். சுற்றியிருந்த விவசாயிகளுக்கு வீடு, கதவு, ஜன்னல், மேஜை செய்து கொடுப்பதுதான் பிழைப்பு.

1924-ல் வீட்டின் இரண்டு சின்னப் பையன்கள் குளிருக்குத் தீ மூட்டப் போக, அது மரச்சீவலில் பற்றிக்கொண்டது. பட்டறையும் வீடும் சேர்ந்தே எரிந்தன. ஓலே முன்பைவிடப் பெரிதாகவே கட்டினார். வாசலில் இரண்டு சிங்கச் சிலைகள் இருக்கும் அந்த வீடு இன்றும் பில்லுண்டில் நிற்கிறது.

1932: எல்லாம் ஒன்றாக வந்த வருஷம்

அடுத்த அடி உலகப் பொருளாதார மந்தம். விவசாயி கையில் காசு இல்லை என்றால் தச்சருக்கு வேலை இல்லை. ஓலே ஆட்களைக் குறைத்தார். பெரிய வேலை வராததால் ஏணி, இஸ்திரி போடும் பலகை, முக்காலி என்று சின்னச் சாமான்கள் செய்தார். மீந்த மரத்தில் பொம்மையும் செய்தார்.

அந்த 1932-லேயே கிர்ஸ்டினா இறந்துபோனார். வீட்டில் நான்கு ஆண் பிள்ளைகள், கடைசிப் பையனுக்கு ஆறு வயது. கடன் கழுத்தை நெரித்தது. உடன்பிறந்தவர்கள் கடனுக்குக் கைகொடுத்தார்கள், ஆனால் வளர்ந்த மனிதன் பொம்மை செய்துகொண்டிருப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஓலே பொம்மையை விடவில்லை. பணம் கொடுக்க முடியாத கடைக்காரர்களிடம் உணவுப் பொருளை வாங்கிக்கொண்டும் பொம்மை கொடுத்தார்.

யோ-யோ வந்தது, போனது

நம் கதைக்கு முக்கியமான திருப்பம் இங்கேதான். 1930-களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் யோ-யோ பைத்தியம் பிடித்தது. 90ஸ் கிட்ஸுக்கு ட்ரம்ப் கார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் அது இல்லாத பையனே இல்லை. ஓலேயின் பட்டறையும் யோ-யோவாகச் செய்து தள்ளியது. பல வருஷங்களுக்குப் பிறகு கையில் காசு புரண்டது.

பிறகு ஒரு கட்டத்தில் மோகம் அப்படியே நின்றது. வாங்க ஆள் இல்லை. பட்டறையில் யோ-யோ குவிந்து கிடந்தது.

ஓலே அவற்றைத் தூக்கிப் போடவில்லை. விலை மறுபடி ஏறும் என்று மூட்டை கட்டியும் வைக்கவில்லை. யோ-யோவை இரண்டாகப் பிளந்தார். இரண்டு வட்டத் துண்டு கிடைத்தது. அவற்றை மர லாரி பொம்மைக்குச் சக்கரமாகப் பூட்டினார். யோ-யோவாக விற்காத மரம், லாரியாக விற்றது.

மோகத்தால் வந்த விலை மோகத்தோடு போய்விடும், வேறொன்றாக மாறக்கூடிய பொருளுக்கு மட்டும் மிச்ச மதிப்பு இருக்கும். ஓலே இதைப் பட்டறையில் அனுபவித்தே கற்றுக்கொண்டார்.

பெயரும் மூன்றாவது பூச்சும்

1934-ல் தொழிலுக்குப் பெயர் வைக்க ஊழியர்களிடையே ஒரு போட்டி வைத்தார். பரிசு, வீட்டில் தயாரித்த ஒரு பாட்டில் ஒயின். கடைசியில் அவர் யோசித்த பெயரே தேர்வானது. நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து லெகோ என்று வைத்தார்.

தரத்தில் அவர் ரொம்பக் கறார். மகன் காட்ஃப்ரெட் ஒருமுறை மர வாத்துப் பொம்மைகளை ரயில் நிலையத்தில் சேர்த்துவிட்டு வந்து, வழக்கமான மூன்று பூச்சு வார்னிஷுக்குப் பதில் இரண்டே பூச்சில் முடித்துக் காசு மிச்சம் பிடித்ததைப் பெருமையாகச் சொன்னார். அப்பா பாராட்டவில்லை. பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து மூன்றாவது பூச்சு அடிக்க வைத்தார். பின்னாளில் கம்பெனியைத் தலைமையேற்று நடத்தியவர் அந்த காட்ஃப்ரெட்தான்.

1942-ல் மறுபடி தீ. தொழிற்சாலை, மாதிரிகள், வரைபடங்கள் எல்லாம் போயின. தொழிலையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர், தன்னை நம்பியிருந்த ஊழியர்களை நினைத்து மீண்டும் கட்டினார்.

மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1946-ல் பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். விலை 30,000 குரோனர். அந்தச் சின்னக் கம்பெனிக்கு அது பெரிய துணிச்சல். இங்கிலாந்தின் கிட்டிகிராஃப்ட் நிறுவனத்தில் ஹிலரி பேஜ் உருவாக்கிய பிளாஸ்டிக் கட்டைகளின் மாதிரி ஓலேயின் கைக்கு வந்தது. அதைப் பின்பற்றி 1949-ல் லெகோவின் முதல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. ஆம், இன்று உலகமே கொண்டாடும் கட்டையின் மூல யோசனை லெகோவுடையது இல்லை.

ஆரம்பத்தில் அது சரியாக விற்கவும் இல்லை. உள்ளே வெற்றிடமாக இருந்ததால் பிடிமானம் குறைவு. கட்டியது சீக்கிரம் பிரிந்துவிடும். அந்தக் காலத்தில் நன்றாக ஓடியது, டென்மார்க் வயல்களில் எல்லோரும் பார்த்த ஃபெர்குசன் டிராக்டரின் பொம்மை மாடல். ஊரில் பிரபலமானதைப் பொம்மையாக்கி விற்பது ஓலேக்கும் புதிதல்ல.

1955-ல் எல்லா செட்டும் ஒன்றோடொன்று பொருந்தும் ஒரே முறையாக லெகோ மாறியது. 1958 ஜனவரி 28-ல், கட்டையின் உள்ளே குழாய்கள் வைத்துப் பிடிமானத்தை இறுக்கும் வடிவமைப்புக்குக் காப்புரிமை கோரப்பட்டது. இன்று நீங்கள் வாங்கும் கட்டை அந்த 1958 கட்டையோடு கச்சிதமாகப் பொருந்தும். எட்டுப் புள்ளி கொண்ட ஒரே நிறக் கட்டை ஆறு இருந்தால் 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் அவற்றை இணைக்கலாம்.

அந்த விண்ணப்பம் போய் ஆறு வாரத்தில், 1958 மார்ச் 11-ல், ஓலே காலமானார். வயது 66.

சினிமா உள்ளே வந்தது

1998-ல் லெகோ தன் வரலாற்றிலேயே முதல்முறையாக நஷ்டம் காட்டியது. 1999-ல் ஸ்டார் வார்ஸ் செட்டுகள் வந்தன. போர் பொம்மை செய்வதில்லை என்ற கொள்கை இருந்ததால் கம்பெனிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது, ஆனால் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பிறகு ஹாரி பாட்டர் வந்தது.

2002-ல் இரண்டு தொடரிலும் படம் வந்தது. 2003-ல் இரண்டிலுமே படம் இல்லை. விற்பனை சரிந்து, பெரிய நஷ்டத்தில் கம்பெனி மூழ்கும் நிலைக்கே போனது. யோ-யோ கதைதான் மறுபடியும், இந்த முறை பல நாடுகளின் கடைகளில்.

மீட்க வந்தவர் 2004-ல் பொறுப்பேற்ற, குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் தலைவர் யோர்கன் விக் நுட்ஸ்டார்ப். சுமார் 13,000 வகையாகப் பெருகியிருந்த உறுப்புகளை ஏறக்குறைய பாதியாக வெட்டினார். எதனுடனும் பொருந்தும் கட்டைக்கே முதலிடம் என்று ஆனது.

மறுவிற்பனையில் எங்கே அடி விழுகிறது?

பெட்டி பிரிக்காத லெகோ செட் நல்ல முதலீடு என்ற பேச்சுக்கு ஆதாரமும் இருக்கிறது. 1987 முதல் 2015 வரை வந்த 2,300-க்கும் மேற்பட்ட செட்டுகளை ஆராய்ந்த ரஷ்யாவின் ஹையர் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், சராசரியாக வருஷத்துக்கு 11 சதவீதம் வருமானம் என்று கணக்கிட்டது. ஆனால் சராசரியைத் தாண்டிப் பாருங்கள். சில செட் பல மடங்கு ஏறியது, சில செட் பாதி மதிப்பை இழந்தது. காரணங்கள் மூன்று.

ஒன்று, படம். தி லோன் ரேஞ்சர் 2013-ல் படுத்தபோது அதன் செட்டுகளைக் கடைகள் தள்ளுபடியில் விற்றுத் தீர்த்தன. வீரபாண்டித் திருவிழாவில் போன வருஷ ஹீரோ படம் போட்ட பொம்மையை இந்த வருஷம் எந்தக் குழந்தை கேட்கும்? அதே கணக்குதான்.

இரண்டு, மறுவெளியீடு. 2007-ல் 500 டாலருக்கு வந்த 5,195 துண்டு மில்லேனியம் ஃபால்கன் விண்கலம், உற்பத்தி நின்றதும் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. 2017-ல் லெகோ 7,541 துண்டுகளோடு புதிதாக ஒன்றை 800 டாலருக்கு இறக்கியது. பழையதன் விலை விழுந்தது. சினிமா சம்பந்தமில்லாத தாஜ்மஹால் செட்டுக்கும் இதே கதி. 2008-ல் வந்து, நின்று, விலை ஏறி, 2017-ல் மறுபடி வந்ததும் பழைய பெட்டியின் மவுசு போனது.

மூன்று, நம் ஊருக்கான காரணம். இந்தியாவில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. அப்படி வரி ஏறிய விலையில் வாங்கியதை வெளிநாட்டு மறுவிற்பனை விலையோடு ஒப்பிட்டால் தொடக்கத்திலேயே பின்தங்கிவிடுகிறீர்கள்.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் பெட்டியைப் பிரியுங்கள். சினிமா செட்டில் இரண்டு மதிப்பு இருக்கிறது. ஒன்று படத்தின் மதிப்பு. அது ஏறும், இறங்கும், உங்கள் கையில் இல்லை. இன்னொன்று கட்டையின் மதிப்பு. படம் மறந்துபோனாலும் அது மற்ற செட்டோடு சேரும். பிரிக்லிங்க் போன்ற ஆன்லைன் சந்தைகளில் துண்டு துண்டாகக்கூட விற்கப்படுகிறது. அந்தப் படத்துக்கு மட்டுமே பொருந்தும் விசேஷத் துண்டுகள் நிறைந்த செட்டா, சாதாரணக் கட்டைகள் நிறைந்த செட்டா என்று பார்த்து வாங்கினாலே பாதிக் கவலை குறையும்.

ஏற்கெனவே நாலைந்து பெட்டி வாங்கி அலமாரியில் அடுக்கி, விலை எப்போது ஏறும் என்று காத்திருக்கிறீர்களா? வீட்டில் ஒரு குழந்தை இருந்தால் அந்தப் பெட்டியைக் கொடுத்துப் பாருங்கள். விண்கலம் ஒரு வாரத்தில் வீடாகவோ லாரியாகவோ மாறியிருக்கும். யோ-யோவைப் பிளந்து சக்கரமாக்கிய அந்த பில்லுண்ட் தச்சர் செய்ததும் இதையேதான்.