போடி, எரசை, கண்டமனூர்... பாளையங்களுக்குப் பின்னால் ஒரு தளவாய்: யார் இந்த அரியநாத முதலியார்?

பொட்டிப்புரம் என்றதும் நியூட்ரினோ ஆய்வகத் திட்டம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், அந்த வட்டாரத்தில் பைக்கில் ஒரு ரவுண்டு வந்தால் ஊர்ப் பெயர்களே வேறொரு கதை சொல்லும். போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர், கண்டமநாயக்கனூர் எல்லாமே பழைய பாளையங்கள். தேவாரமும் கோம்பையும் அப்படித்தான். மதுரைச் சீமையில் இந்தப் பாளைய முறையை வகுத்தவர் தளவாய் அரியநாத முதலியார்.

யார் இவர்?

தொண்டை மண்டலத்து மெய்ப்பேட்டில் எளிய வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் என்பது மரபுச் செய்தி. 1529-ல் மதுரையில் ஆட்சியைத் தொடங்கிய விசுவநாத நாயக்கருக்கு இவரே தளவாய், இவரே பிரதானி. அதாவது படையும் நிர்வாகமும் ஒரே கையில்!

என்ன சிக்கல்?

ஆட்சியை இழந்த பாண்டியர் வழியினர் ஒருபக்கம், உள்ளூர்த் தலைவர்கள் இன்னொரு பக்கம். கூட வந்த தெலுங்குப் படைத்தலைவர்களும் பங்கு எதிர்பார்த்தார்கள். யாரைப் பகைத்துக்கொண்டாலும் கலகம்தான்.

என்ன செய்தார்?

நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார். மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஆளுக்கு ஒன்று பாளையக்காரர்களின் காவலில் விடப்பட்டது. வரியில் மூன்றில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, மீதி பாளையக்காரருக்கு. ஊர்க்காவலும் அவர்கள் பொறுப்பு. எதிரியாக மாறக்கூடியவரையே காவல்காரர் ஆக்கிவிட்டார். சேர நாட்டு எல்லையான கம்பம் பள்ளத்தாக்குக்கு இது ரொம்பவே தேவைப்பட்டது.

பலித்ததா?

பாதிதான். அடுத்து வந்த கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்திலேயே தும்பிச்சி நாயக்கர் என்ற பாளையக்காரர் கலகம் செய்தார். கையில் படையும் வரியும் இருப்பவர் எவ்வளவு நாள் அடங்கியிருப்பார்? மதுரை வலுவாக இருந்தவரை முறை நின்றது. 1736-ல் நாயக்கர் ஆட்சி முடிந்ததும் பாளையங்கள் தனித்தனி அரசுகள் போல ஆகின. பின்னாளில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற கட்டபொம்மனும் ஒரு பாளையக்காரர்தான். 1801-ல் அந்தப் போர்கள் ஒடுக்கப்பட்டன. தப்பிய பாளையங்கள் ஜமீன்களாயின. 1948 சட்டம் ஜமீன்களையும் ஒழித்தது.

அடுத்தடுத்து வந்த நாயக்கர்களிடமும் பணியாற்றிய அரியநாதர் 1600 வாக்கில் இறந்தார். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அவர் கட்டிய ஆயிரங்கால் மண்டபத்தின் வாசலில், குதிரை மேல் இருக்கும் அவர் சிலையை இன்றும் பார்க்கலாம். அடுத்த முறை போனால் கவனிக்க மறக்காதீங்க.