டிரைப் துரையும் திருக்கோயில் நிழற்படங்களும்

கீழ்க்கட்டளையில் நம் பெருமானுக்குத் திருக்குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில், அடியார் ஒருவரின் வரலாற்றை எழுதுவதே முறையாகும். அடியேன் எழுதப் புகுந்ததோ, சைவரும் தமிழரும் அல்லாத ஒரு படைவீரரின் வரலாறு. அதற்குக் காரணம் உண்டு. தென்னாட்டுத் திருக்கோயில்களை முறையாக நிழற்படம் எடுத்த முன்னோடிகளுள் தலையாயவர் அவர். இந்நாளில் ஒவ்வொருவர் கையிலும் படக்கருவி உள்ளது. அதனை எங்கே எடுப்பது, எங்கே மூடி வைப்பது என்று எண்ணிப் பார்ப்பதற்கு அவருடைய வாழ்வு நமக்குப் பெரிதும் பயன்படும்.

லின்னேயஸ் டிரைப் என்னும் அப்பெரியார் 1822ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டு நகரிற் பிறந்தார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கும்பினியாரின் சென்னைப் படையிற் சேர்ந்து இந்நாட்டிற்கு வந்தார். விடுப்பில் தாயகம் சென்றிருந்த காலத்தில் நிழற்படக் கலையைக் கற்றார். அக்கலை அப்பொழுது தோன்றிப் பல்லாண்டுகள் ஆகவில்லை. 1854இல் மீண்டும் இங்கு வந்தவர், பேலூர், ஹளேபீடு ஆகிய ஊர்களின் போசளர் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்கள் 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியிற் பரிசு பெற்றன. அவ்வாண்டே பர்மிய மன்னரிடம் சென்ற தூதுக்குழுவோடு போய், அந்நாட்டின் பௌத்தக் கோயில்களையும் படமெடுத்து வந்தார். பின்னர்ச் சென்னை அரசாங்கம் அவரைத் தன் நிழற்படக்காரராக அமர்த்திக்கொண்டது.

1857 டிசம்பரில் பெங்களூரினின்றும் புறப்பட்டுத் தெற்கு நோக்கிப் பயணமானார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களிற் படமெடுத்தார். இக்காலத்துப்போல் பொத்தானை அழுத்தினால் ஆகிற வேலை அன்று அது. மெழுகேற்றிய பெரிய தாளை மருந்தில் தோய்த்துக் கருவியுள் வைத்து, நல்ல வெயிலில் நெடுநேரம் அசையாது காத்திருத்தல் வேண்டும். நடமாடுவோர் உருவம் அதிற் பதியாது. ஆகவே அவர் படங்களிற் பெரும்பாலானவற்றில் மக்களைக் காண்டல் அரிது. கோபுரமும் மண்டபமும் தூண்களுமே அமைதியாக நிற்கும்.

தஞ்சையில் அவர் செய்த பணி தனிச்சிறப்புடையது. இராசராசேச்சர விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை இருபத்தொரு படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழப் பத்தொன்பது அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அக்கல்வெட்டுகள் யாவை? தாம் அளித்தவற்றோடு தமக்கையார் குந்தவையாரும் தேவியரும் பிறரும் அளித்தவற்றையும் ஸ்ரீவிமானத்திலே வெட்டுக என்று மாமன்னர் இட்ட ஆணையின் பயன் அவை. அறம் செய்தார் பெயர் பின்வருவோர் கண்ணிற் படவேண்டும் என்பதற்காகவே கல்லில் ஏறிய எழுத்து அது. அதனைப் படமெடுத்தல் கோயிலின் கருத்தோடு ஒத்த செயலேயாம். இம்மலரில் தம் பெயர் காணும் நன்கொடையாளர்கள் இதனை எளிதில் உணர்வர். நமக்கு அண்மையிலுள்ள திருசூலத்துத் திருக்கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன, சென்று காண்க.

மதுரையில் அவர் எடுத்த படங்களுள் அம்மையின் திருவாபரணங்களைக் காட்டுவதும் ஒன்று. பூட்டிய அறையிலுள்ள அணிகலன்கள் கோயிலார் எடுத்து வைத்தாலன்றிக் கருவியின் முன் வாரா. ஆனால் மூலவர் திருமேனிப் படம் அவர் வெளியிட்ட தொகுதிகளில் இல்லை. கோயில் வழக்கம் துரைமாரைக் கருவறைப் பக்கம் விடவில்லை. அவ்விருளும் அவர் கருவிக்கு இடங்கொடாது. அரசாணை பெற்று வந்தவரும் அவ்வெல்லைக்குப் புறத்தேதான் நின்றார். அதனால் அவர் தொண்டு சிறிதும் குறைபடவில்லை.

ஈண்டு ஒன்று கூறாது விடுதல் நேர்மையாகாது. அக்காலத்தே கோயிலுள் விடப்படாதவர் துரைமார் மட்டுமல்லர். நம்மவருள்ளும் பலர் 1939 சூலை 8ஆம் நாள் வரை மீனாட்சியம்மன் திருக்கோயிலின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். மனிதரைத் தடுத்த அத்தடை ஒழிந்தது, ஒழிந்தது நன்றே. கருவியைத் தடுக்கும் தடையோ வேறு. முன்னது அடியவனை ஆண்டவனிடமிருந்து பிரித்தது. பின்னது அவனை ஆண்டவன்பால் ஒருமுகப்படுத்துவது.

செலவு மிகுதி என்று கருதி, ஆளுநர் டிரெவெல்யன் 1859இல் டிரைபின் பணியை நிறுத்தினார். அவர் மீண்டும் படைப்பணிக்குத் திரும்பி, ஓய்வு பெற்றுத் தாயகம் சென்று, 1902இல் மறைந்தார். படங்கள் மறையவில்லை. பழுது நீக்கும் திருப்பணிக்கும் ஆராய்ச்சிக்கும் அத்தகைய படங்கள் சான்றாகின்றன. களவுபோன ஸ்ரீபுரந்தான் நடராசப் பெருமான் 2014இல் ஆஸ்திரேலியாவினின்றும் மீண்டு வந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னர் எடுத்து வைத்திருந்த நிழற்படங்களே துணைநின்றன. ஆதலின் நிழற்படம் கோயிலுக்குப் பகையன்று, காவலுமாகும்.

எனினும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடமுழுக்கில் அடியேன் கண்டதை மறக்கவியலவில்லை. தீபாராதனையின்போது கைப்பேசிகள் நூற்றுக்கணக்கில் உயர்ந்தன. எனக்கருகில் நின்ற மூதாட்டியார் ஒருவர், எக்கி எக்கிப் பார்த்தும் பிறர் கைகளையன்றி வேறொன்றும் காணாமல், கண்ணீரோடு கைகூப்பித் திரும்பினார். எடுத்தவர் எவருக்கும் அது தெரியாது. 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகத் திருக்கோயில்களிற் கைப்பேசியைத் தடை செய்யுமாறு அறநிலையத் துறைக்கு ஆணையிட்டது. அந்த ஆணை வருமுன்னரே நம் மனமே அதனை இட்டிருக்கவேண்டும்.

ஆகவே அன்பர்கள் புறத்தே நின்று கோபுரத்தைப் படமெடுத்து மகிழ்க. உள்ளே கல்வெட்டோ சிற்பமோ படமெடுக்க வேண்டுமாயின் கோயில் அலுவலரை முன்னரே கேட்டு, இசைவு பெற்று எடுக்க. ஓதுவாரையும் சிவாசாரியாரையும் வழிபடுவோரையும் அவர்தம் விருப்பறியாது எடுத்தல் தகாது. திரையிட்ட பொழுதிலும், திருமஞ்சனம் ஆடும் பொழுதிலும், கருவறை முன்னரும் கைகள் கூப்புதற்கே உரியன. மறுத்தால் வருந்தற்க, மறுப்பும் கோயில் நமக்குக் கற்பிக்கும் பாடமே.

குடமுழுக்கு நீர் நம் தலைமேல் விழும் அந்நொடியில் கைகள் கருவியேந்தாமல் குவிந்திருக்குமாக. அக்காட்சி நெஞ்சிற் பதிந்து நிலைபெறத் திருவருள் துணைசெய்க.

திருச்சிற்றம்பலம்.