கடலோடு மல்லுக்கு நின்ற வீரர்!

எந்த விளையாட்டு உடம்பை அதிகமாக வாட்டும்? கபடியா, கால்பந்தா, சைக்கிள் ஓட்டமா? ஆவடியிலும் அம்பத்தூரிலும் மாலை நேரங்களில் மைதானத்தில் கூடும் இளைஞர்கள் இப்படி வாதாடுவது உண்டு. ஒரே மனிதர் பல போட்டிகளிலும் இறங்கிப் பார்த்தால் அல்லவா உண்மை தெரியும்? அப்படி ஒரு தமிழர் இருந்தார். அவர்தான் ஆழிக்குமரன் என்று பெயர் பெற்ற குமார் ஆனந்தன்.

இலங்கையின் வடகோடியில் உள்ள ஊர் வல்வெட்டித்துறை. கடலோடிகளுக்குப் பேர் போன ஊர். 1943-ம் ஆண்டு அங்கே பிறந்தார் ஆனந்தன். அவர் சிறுவனாக இருந்தபோது, 1954-ல், அதே ஊரிலிருந்து நவரத்தினசாமி என்ற வீரர் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து கோடிக்கரையில் கரையேறினார்.

1971-ல் ஆனந்தன் அதற்கும் மேலே போனார். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தார். அதோடு நிற்கவில்லை. வந்த வழியே திரும்பவும் நீந்தினார்! போக வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பூந்தமல்லியிலிருந்து காஞ்சீபுரம் போகும் தூரத்தை விட அதிகம். அதற்கு ஆன நேரம் 51 மணி. இரண்டு பகல், இரண்டு இரவு உப்பு நீரிலேயே கழிந்தன.

பிறகு தரையில் இறங்கினார். 1979-ல் கொழும்பில் ஒரு பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் சைக்கிள் ஓட்டினார். ஏழு நாளுக்கும் மேல்! 128 மணி நேரம் டுவிஸ்ட் நடனம் ஆடினார். 136 மணி 28 நிமிடம் குத்துப் பந்தைக் குத்தினார். ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். சென்னையில் அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் மிதந்தார். கின்னஸ் சாதனை நூலில் அவர் பெயர் ஏறியது.

இவற்றில் எது கடினம்? மணிக்கணக்கைப் பார்த்தால் சைக்கிள்தான் முதலிடம். ஆனால் சைக்கிளில் உடம்பின் பாரத்தை இருக்கை தாங்குகிறது. பெரும்பாலும் கால்தான் உழைக்கிறது. அங்கே பெரிய பகைவன் தூக்கம். குத்துப் பந்தில் தோளும் கையும் ஓய்ந்துபோகும். ஒற்றைக் காலில் நிற்பவர் ஓர் அடி கூட நகர்வதில்லை. ஆனாலும் அந்தக் காலின் தசைகளுக்கு ஒரு நொடி ஓய்வு கிடையாது.

நீச்சலிலோ கை, கால், தோள், மூச்சு எல்லாம் ஒன்றாக உழைக்க வேண்டும். களைத்தால் உட்கார இடமில்லை. இன்னொரு பகையும் உண்டு. அதுதான் குளிர். காற்றை விட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக நீர் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும்.

பாக்கு நீரிணை வெதுவெதுப்பான கடல். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள ஆங்கிலக் கால்வாய் அப்படியல்ல. கோடையிலும் அதன் நீர் 18 டிகிரி அளவில்தான் இருக்கும். மிகக் குறுகலான இடத்தில் அதன் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். ஆனந்தன் முன்பு நீந்திய தூரத்தில் பாதியை விடச் சற்றே அதிகம். அவ்வளவுதான்!

அந்தக் கால்வாயைக் கடக்க 1984 ஆகஸ்ட் மாதம் இறங்கினார் ஆனந்தன். மறுகரை சேரவில்லை. ஆகஸ்ட் 6-ந் தேதி அந்த முயற்சியிலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41. ஏழு நாள் சைக்கிளுக்கு அசையாத உடம்பு அந்தக் கடலில் ஓய்ந்தது.

தூரத்தையும் நேரத்தையும் மட்டும் வைத்து ஒரு விளையாட்டின் கடினத்தை எடை போட முடியாது. அது நடக்கும் இடமும் சேர்ந்தே உடம்பைச் சோதிக்கிறது.

தலைமன்னார், தனுஷ்கோடி இருவழி நீச்சலில் அவர் வைத்த 51 மணிக் கணக்கு 50 ஆண்டுகள் நின்றது. 2021-ல் இலங்கை விமானப் படை வீரர் ரோஷன் அபேசுந்தர 28 மணி நேரத்துக்குச் சற்று மேல் நீந்தி அதை முறியடித்தார். முறியடித்தவரின் பெயரைச் சொல்லும் போதெல்லாம், முதலில் அந்த வழியைக் காட்டிய வல்வெட்டித்துறை வீரரின் பெயரும் சேர்ந்தே சொல்லப்படுகிறது.