பி.டி. சார்களுக்கே சார்!

மாமல்லபுரம் கடற்கரை மணலில் காலையில ஓடுற அண்ணன்களைப் பார்த்திருப்பீங்க. அவங்க கோச் ஆகணும்னா ஓடத் தெரிஞ்சா மட்டும் போதுமா? போதாது, சொல்லிக்கொடுக்கவும் படிக்கணும் என்று நம் நாட்டுக்குக் காட்டியவர் ஹாரி குரோ பக்.

இவர் 1884-ல் அமெரிக்காவில் பிறந்தார். கூடைப்பந்து 1891-ல் பிறந்த ஸ்பிரிங்பீல்டு கல்லூரியில் உடற்கல்வி படித்தார். 1919-ல் மதராஸ் வந்தார். அப்போ நிறைய பள்ளிகளில் வெறும் டிரில்தான்! விளையாட்டைப் பாடமாக நடத்த ஆசிரியர்களே இல்லை.

அதனால் 1920-ல் ஒரு சில மாணவர்களோடு, உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. அந்தச் சைதாப்பேட்டைப் பக்கம் அப்போ நம்ம செங்கல்பட்டு மாவட்டம்தான், தெரியுமா?

1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனார். சொந்த ஊர் திரும்பாமல் 1943-ல் மதராஸிலேயே காலமானார்.

நண்பர்களே! பி.டி. பீரியடும் ஒரு பாடம்தான். கணக்கு சார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீங்க!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு