பட்டாசுக்கு நடுங்கும் நாய்க்கு 4 சொட்டு பூ மருந்து... யார் இந்த எட்வர்டு பாட்ச்?

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடியே சங்கரன்கோவில் தெருக்களில் வெடிச்சத்தம் ஆரம்பித்துவிடும். சிவகாசிக்குப் பக்கத்து ஊர், கேட்கவா வேணும்? மனுசங்களுக்குக் கொண்டாட்டம். ஆனா கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கி, எச்சில் வடிய நடுங்கிக்கொண்டிருக்கும் வீட்டு நாய்க்கு அது மூணு நாள் நரகம்.

இது நாய் வளர்ப்பில் சாதாரண வட்டாரமும் இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என நாட்டு நாய் இனங்களுக்குப் பேர்போன கரிசல் பூமி. வேட்டைக்கு அஞ்சாத நாய் வெடிக்கு அஞ்சுவதைப் பார்த்து வீட்டுக்காரர்கள் கையைப் பிசைவார்கள். அப்போது யாராவது ஒருத்தர் சொல்லும் யோசனைதான் மலர் மருந்து. ஹோமியோபதி மருந்துக் கடைகளில் குட்டி பாட்டிலில் சொட்டு மருந்தாகவோ சர்க்கரை உருண்டையாகவோ கிடைக்கும். தண்ணீரில் நாலு சொட்டு விட்டால் நாயின் பயம் போய்விடும் என்பார்கள்.

கோவில் புற்றுமண்ணைப் பிரசாதமாக எடுத்துப்போய் உடம்பில் பூசிக்கொள்ளும் ஊர் இது. மண் மருந்தாகும் ஊரில் பூ மருந்தாவது யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது. ஆனா இந்தப் பூ மருந்து நம்ம பாட்டி வைத்தியமும் இல்லை, சித்த மருத்துவமும் இல்லை. சுமார் 90 வருசத்துக்கு முன்னாடி இங்கிலாந்தில் ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டர் உருவாக்கியது. அவர் பெயர்தான் எட்வர்டு பாட்ச்.

பித்தளைப் பட்டறையில் இருந்து ஆஸ்பத்திரிக்கு

1886 செப்டம்பர் 24-ம் தேதி, பர்மிங்ஹாம் நகரை ஒட்டிய மோஸ்லியில் பிறந்தார் பாட்ச். அப்பாவுக்குச் சொந்தமாகப் பித்தளை வார்ப்புப் பட்டறை இருந்தது. 16 வயதில் படிப்பை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். கூட வேலை பார்த்தவர்கள் நோயைவிட, நோயால் போகும் கூலிக்கும் டாக்டர் செலவுக்கும்தான் அதிகம் பயந்தார்கள். அதைப் பார்த்துத்தான் மருத்துவம் படிக்கும் ஆசை வந்தது என்று அவருடைய உதவியாளர் நோரா வீக்ஸ் பின்னாளில் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. (பாட்சைப் பற்றி உலவும் கதைகளில் பெரும்பாலானவை அந்த ஒரே புத்தகத்தில் இருந்து வருபவை. எழுதியவர் அவர்மேல் பெரும் பக்தி கொண்டவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.)

பர்மிங்ஹாமில் தொடங்கிய படிப்பை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் முடித்தார். 1912-ல் டாக்டர். அடுத்து பாக்டீரியா ஆராய்ச்சி. முதல் உலகப்போரில் சேரப் போனபோது உடல்நிலை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனா போரில் காயம்பட்டவர்களுக்கான 400 படுக்கைகளைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

1917 அவருக்கு மிக மோசமான வருசம். ஏப்ரலில் முதல் மனைவி தொண்டை அடைப்பான் நோயில் இறந்தார். ஜூலையில் பாட்ச் ரத்தப்போக்குடன் மயங்கி விழுந்தார். அவசர ஆபரேஷன். கண் விழித்தவருக்கு, இன்னும் மூணு மாசம்தான் என்று நாள் குறித்துவிட்டார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து நடக்க முடிந்ததுமே ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். மூணு மாசம் போனது. அதற்கு அப்புறம் 19 வருசமும் போனது.

பிடித்த வேலையில் மூழ்கியதால்தான் பிழைத்தோம் என்று அவர் நம்பினார். ஆபரேஷன் நன்றாக நடந்திருக்கலாம், கணிப்பு தப்பாக இருந்திருக்கலாம் என்று ஒரு பாக்டீரியா ஆராய்ச்சியாளர் யோசித்திருக்க வேண்டும். அவர் அப்படி யோசிக்கவில்லை. மனநிலைதான் நோயைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் அவருக்குள் விழுந்த இடம் இதுதான்.

லண்டனை உதறிய டாக்டர்

1919-ல் லண்டன் ஹோமியோபதி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே ஹானிமனின் எழுத்துகளைப் படித்தார். குடலில் வாழும் பாக்டீரியாக்களை ஏழு வகையாகப் பிரித்து அவர் தயாரித்த மருந்துகள் ஹோமியோபதி உலகில் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. லண்டனின் பிரபல டாக்டர்கள் இருக்கும் ஹார்லி தெருவில் கிளினிக், நல்ல வருமானம், பேர், புகழ் எல்லாம் வந்தது.

எல்லாத்தையும் 1930-ல் விட்டுவிட்டு வேல்ஸ் மலைப்பகுதிக்கு ரயில் ஏறினார். அப்போது வயது 43. போய் இறங்கிப் பெட்டியைத் திறந்தால், ஆய்வுக் கருவிகளுக்குப் பதில் செருப்பும் ஷூவும்தான் இருந்ததாம். பெட்டி மாறிப்போச்சு. இனி நிறைய நடக்கத்தானே போகிறோம் என்று அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

அதற்கு ரெண்டு வருசம் முன்னாடியே, 1928-ல், முதல் பூக்களைக் கண்டுபிடித்திருந்தார். அதில் ஒன்று இம்பேஷன்ஸ். நம்ம ஊர் வாசலில் பூக்கும் காசித்தும்பைக்குச் சொந்தக்காரச் செடி. இன்னொரு சுவாரஸ்யம், வேல்ஸ் ஆற்றங்கரையில் அவர் பறித்த அந்த வகை ஐரோப்பாச் செடியே கிடையாது. இமயமலையில் இருந்து 1839-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டது. இங்கிலாந்துக்காரர் கண்டுபிடித்த முதல் மலர் மருந்துகளில் ஒன்று இந்தியப் பூ!

மருந்து எப்படித் தயாராகிறது?

பூவின் மேல் தங்கும் பனித்துளியில் வெயில் பட்டால் பூவின் சக்தி அதில் இறங்கும் என்பது பாட்சின் கருத்து. இது ஆய்வுக்கூடத்தில் அளந்து சொன்னது இல்லை, அவருடைய உள்ளுணர்வு. தினமும் பனித்துளி சேகரிப்பது நடக்கிற காரியமா? அதனால் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுத் தண்ணீர் ஊற்றி, பூக்களை மிதக்கவிட்டு வெயிலில் வைத்தார். வடிகட்டிய தண்ணீரில் சரிபாதி பிராந்தி. பிராந்தி கெட்டுப்போகாமல் இருப்பதற்கு மட்டும்தான்.

அதில் ரெண்டு சொட்டு எடுத்து 30 மில்லி பிராந்தியில் விட வேண்டும். அதுதான் கடையில் விற்கும் பாட்டில். அதிலிருந்து மறுபடியும் ரெண்டு சொட்டு, 30 மில்லி தண்ணீரில். நோயாளி குடிப்பது அதில் நாலு சொட்டு. அதாவது பூவில் இருந்த பொருள் என்று ஏதாவது இருந்தாலும், கடைசியில் நாக்கில் விழுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்.

1933-க்குள் 12 மருந்து, அடுத்து 7, 1935-ல் மட்டும் 19. ஆக மொத்தம் 38. ஒன்றைத் தவிர எல்லாமே செடி, மரங்களில் இருந்து வந்தவை. அந்த ஒன்று பாறை ஊற்றுத் தண்ணீர். நோயின் பெயரைக் கேட்டு மருந்து தருவது அவர் முறை இல்லை, ஆளின் மனசைப் பார்த்துத் தருவதுதான். தெரிந்த விஷயத்துக்குப் பயமா? மிமுலஸ். காரணமே தெரியாத பயமா? ஆஸ்பென். பொறாமை, வெறுப்புக்கு ஹாலி. பழைய நினைப்பிலேயே ஏங்கினால் ஹனிசக்கிள். பாசத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சுபாவத்துக்குச் சிக்கரி, ஃபில்டர் காபியில் கலக்கிறோமே, அதே செடியின் பூ.

1933 டிசம்பரில் குரோமர் கடற்கரையில் ஒரு படகு புயலில் சிக்கியது. கரை சேர்க்கப்பட்ட மாலுமிக்கு நினைவில்லை. பாட்ச் மூணு மருந்தைக் கலந்து அவர் உதட்டில் தடவினார், ஆள் தேறினார் என்பது அவரது சீடர்கள் சொல்லும் கதை. பின்னால் அது அஞ்சு மருந்தானது. இன்று உலகம் முழுக்க விற்கும் ரெஸ்க்யூ ரெமடி அதுதான். பட்டாசுக்குப் பயப்படும் நாய்க்குப் பலரும் தேடுவதும் அதைத்தான்.

பாட்ச் மருந்துக்குப் பணம் கேட்டு நெருக்கியவர் இல்லை. இலவசமாகவே நிறையப் பேரைப் பார்த்தார். ஆனா பத்திரிகையில் விளம்பரம் கொடுத்ததற்கும், மருத்துவம் படிக்காதவர்களை உதவியாளர்களாக வைத்துச் சிகிச்சை தந்ததற்கும் பிரிட்டிஷ் மருத்துவ கவுன்சில் அவரை எச்சரித்தது. அவர் கேட்கவில்லை. யார் வேணும்னாலும் தனக்குத்தானே மருந்து எடுக்கும் அளவுக்கு எளிமையாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

1934-ல் பிரைட்வெல் கிராமத்தில் மவுண்ட் வெர்னான் என்ற சின்ன வீட்டுக்குக் குடிபோனார். வீட்டுக்கான மேசை நாற்காலிகளைத் தன் கையாலேயே செய்தார். 1936 நவம்பர் 27-ம் தேதி தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 50. அந்த வீடு இன்றைக்கும் பாட்ச் மையமாக இயங்குகிறது.

நாய், பூனைக்கு வந்தது எப்படி?

38 மருந்துகளையும் அவர் மனுச மனசுக்காகவே வகுத்தார். விலங்குகளுக்கென்று தனிப் பட்டியல் போடவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள்தான் அதே பட்டியலை எடுத்துக்கொண்டு, புது வீட்டுக்கு வந்த நாய்க்கு வால்நட், இன்னொரு நாயைப் பார்த்துச் சீறினால் ஹாலி என்று பொருத்தினார்கள். இங்கேதான் முதல் சிக்கல். பாட்ச் முறையின் அடிப்படையே நோயாளி தன் மனசைத் திறந்து பேசுவது. நாய் பேசாது. அதன் மனசு என்று நாம் எழுதிக்கொடுப்பது நம்ம ஊகம்.

சரி, வேலை செய்யுதா இல்லையா? மனிதர்களிடம் நடந்த முறையான சோதனைகளை எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தின் எட்சார்டு எர்ன்ஸ்ட் 2010-ல் தொகுத்து ஆராய்ந்தார். வெறும் தண்ணீர் மாதிரியான போலி மருந்துக்கும் மலர் மருந்துக்கும் பலனில் வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு.

ஆனா எங்க வீட்டு நாய்க்குக் கேட்டுச்சே என்பவர்களுக்கு இன்னொரு ஆய்வு இருக்கிறது. அது மலர் மருந்து இல்லை, ஹோமியோபதி. 2008-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு. பட்டாசுக்குப் பயப்படும் 75 நாய்களில் பாதிக்கு மருந்து, பாதிக்குப் போலி மருந்து. எந்த நாய்க்கு எது என்று வளர்ப்பவர்களுக்கே தெரியாது. ரெண்டு பக்கமும் நாய்கள் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள்! வித்தியாசமே இல்லை. மருந்து கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் வளர்ப்பவரின் பார்வை மாறுகிறது, பதற்றம் குறைகிறது. அவர் பதறாவிட்டால் நாயும் கொஞ்சம் அடங்கும்.

அப்போ கொடுத்தால் என்ன நஷ்டம்? மருந்தால் பெரிய கெடுதல் இல்லை. குட்டிகளுக்கும் பூனைகளுக்கும் பிராந்தி கலந்த சொட்டை நேரடியாக வாயில் விடாமல் இருந்தால் சரி. மனுசங்களுக்கான மிட்டாய், சூயிங்கம் வடிவத்தைத் தரவே கூடாது. அவற்றில் சைலிடால் என்ற இனிப்பு இருக்கலாம். நாய்க்கு அது விஷம்.

உண்மையான நஷ்டம் வேற இடத்தில் இருக்கிறது, நேரத்தில். நேத்து வரை வாலாட்டிய நாய் இன்னைக்குக் கடிக்க வந்தாலோ, துறுதுறுவென்று இருந்தது ஒடுங்கி இருட்டில் பதுங்கினாலோ, அது ரேபிஸ் ஆகவும் இருக்கலாம். அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைக்காத நோய் அது, நாயும் சரி, கடிபட்ட மனுசனும் சரி. கடிபட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்க முக்கும் ஆண் பூனை அடம்பிடிக்கவில்லை. சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கலாம், ஒருநாள் தாமதம்கூட உயிரைப் பறிக்கும். தொட்டாலே உறுமும் கிழட்டு நாய்க்குக் காதில் சீழோ மூட்டில் வலியோ இருக்கலாம். இதற்கெல்லாம் பூ மருந்தைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் பார்ப்போம் என்று உட்கார முடியாது.

2024 நவம்பரில் திருச்செந்தூர் கோவில் யானை தெய்வானை, தன் பாகனையும் அவரது உறவினரையும் தாக்கிக் கொன்றது தென்மாவட்டங்களையே உலுக்கியது. பல வருசம் கூடவே இருந்தவருக்கே அந்த மனசு பிடிபடவில்லை. விலங்கின் மனசு என்பது சொட்டு மருந்து விளையாட்டு இல்லை.

பட்டாசு பயத்துக்கு என்ன வழி?

சாயங்காலம் வெடி தொடங்கும் முன்பே நாயை வெளியே கூட்டிப்போய் வந்துவிடுங்கள். உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, திரை போட்டு, ஃபேனும் டி.வி.யும் ஓடட்டும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள், அது தேடிக்கொண்ட பாதுகாப்பான இடம். சங்கிலியில் கட்டிப் போட்டால் பயம் கூடும். பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்து தடவிக்கொடுப்பதில் தப்பே இல்லை. பண்டிகைக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே, பதிவு செய்த வெடிச்சத்தத்தை மிக மெதுவாக வைத்து, கூடவே பிடித்த தீனி கொடுத்து, நாளுக்கு நாள் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக்கலாம்.

அதற்கும் அடங்காத நாய்களுக்கு, பயத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்கலாம். பெரிய சிகிச்சை என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நடமாடும் கால்நடை ஆம்புலன்ஸுக்கான எண் 1962.